மைக்கோடு காட்டோரம்: பறவைக் குரல் பதிவில் நான் கற்றவை

1889-ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில் எட்டு வயதுப் பையன் ஒருவன், அப்பா வாங்கிக் கொடுத்த எடிசன் ஃபோனோகிராஃப் கருவியின் முன்னால் தன் வளர்ப்புப் பறவையைக் கொண்டுவந்து வைத்தான். பறவை பாடியது. மெழுகு உருளையில் அந்தப் பாட்டு கீறலாகப் பதிந்தது. உலகில் நமக்குத் தெரிந்த பறவைக் குரல் பதிவுகளில் மூத்தது அதுதான். இன்றும் அதைக் கேட்க முடிகிறது. பையனின் பெயர் லுட்விக் கோக். பறவை ஷாமா. நாம் சோலைபாடி என்கிறோமே, அதே பறவை.

நான் இருப்பது வால்பாறையில். இங்கிருந்து மலை இறங்கி, சேத்துமடை வழியாக டாப்ஸ்லிப் பக்கம் போனால் மூங்கில் புதர்களுக்குள் சோலைபாடி இன்றைக்கும் பாடிக்கொண்டிருக்கும். அதன் குரலைப் பதிவு செய்யும்போதெல்லாம் கோக்கை நினைத்துக்கொள்வேன். அவர் வயலின் கற்றவர், பிறகு மேடைப் பாடகர். முதல் உலகப் போரில் அந்த இசை வாழ்க்கை தடைப்பட்டது. பின்னர் ஒரு கிராமஃபோன் கம்பெனியில் சேர்ந்து, ஒலித்தட்டும் படங்களும் சேர்ந்த புத்தகங்களை உருவாக்கினார். யூதர் என்பதால் நாஜிகளின் ஜெர்மனியில் இருக்க முடியாமல் 1936-இல் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, அந்நிய மண், தட்டுத் தடுமாறும் ஆங்கிலம். அதே ஆண்டிலேயே மாக்ஸ் நிக்கல்சன் என்ற பறவையியலாளரோடு சேர்ந்து அந்நாட்டுப் பறவைகளின் குரல்களை ஒலித்தட்டுகளாகக் கொண்டுவந்துவிட்டார். பிறகு பிபிசி வானொலியில் அவர் பேச்சு வீட்டுக்கு வீடு பழக்கமானது. 1974-இல் இறக்கும்வரை அவர் பெயரைப் பறவைக் குரலிலிருந்து பிரித்துச் சொன்னவர் யாரும் இல்லை.

அவர் காலத்துக் கருவிகள் ஒரு வேன் நிறைய இருக்கும். பறவை வழக்கமாக உட்கார்ந்து பாடுகிற கிளைக்குப் பக்கத்தில் மைக்கை வைத்து, நீளமான கேபிளை இழுத்து வந்து, வண்டிக்குள் உட்கார்ந்து தட்டில் பதிவு செய்ய வேண்டும். இன்றைக்குச் சட்டைப் பையில் அடங்குகிற கருவி வந்துவிட்டது. இருந்தாலும் அந்தப் பழைய முறையை நான் விடவில்லை. காரணம் எளிமையானது. பறவைக்கும் மைக்குக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒலி 6 டெசிபல் கூடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மைக்கும் இந்தக் கணக்கை மீற முடியாது. இருபது மீட்டரில் இருந்து பத்து, பத்தில் இருந்து ஐந்து என்று மைக் நெருங்க நெருங்க, பின்னால் இருக்கிற இரைச்சல் தானாகப் பின்வாங்கும்.

ஆனால் நாம் நெருங்கினால் பறவை பறந்துவிடும். அதனால் மைக் மட்டும் போக வேண்டும். குண்டுகரிச்சானை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் முதல் ஜூன் வரை ஆண் பறவை விடியலில் பாடும். அதுவும் நாள் தவறாமல் அதே மொட்டைக் கிளை, அதே மின்கம்பி, அதே வீட்டு ஆன்டெனா. இரண்டு நாள் கவனித்தால் இடம் பிடிபட்டுவிடும். மூன்றாம் நாள் இருட்டோடு போய் அந்த இடத்துக்குக் கீழே மைக்கை வைத்துவிட்டு, கேபிள் விடும் தூரத்துக்கு விலகி உட்கார்ந்துவிட்டால் போதும். வெளிச்சம் வந்த பிறகு வைக்கப் போனால் காரியம் கெட்டுவிடும்.

கருவி பற்றித்தான் முதலில் எல்லோரும் கேட்கிறார்கள். ஆரம்பிக்கிறவருக்கு என் பதில்: கையில் இருக்கிற செல்போன். ஆனால் அதில் வருகிற வாய்ஸ் ரெக்கார்டர் வேண்டாம். ஒலியைச் சுருக்காத டபிள்யூஏவி கோப்பாகச் சேமிக்கிற, ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்காத செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். செல்போன்கள் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. பின்னணி இரைச்சல் என்று நினைத்துப் பறவையையே அழித்துவிடும் குணம் அவற்றுக்கு உண்டு. ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாதீர்கள், ஒலி நசுங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் கெடாது.

அடுத்த படி, கைக்கடக்கமான ரெக்கார்டரும், நேர் முன்னால் வருகிற சத்தத்தையே அதிகம் எடுக்கிற ஒரு ஷாட்கன் மைக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொண்டால் நம் ஊர்ப் பறவைகளுக்குத் தாராளம். ஒலி அளவு காட்டுகிற முள் அதிகபட்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் சரி. குறைவாகப் பதிந்ததை வீட்டுக்கு வந்து கூட்டலாம். அளவு மீறி உச்சியில் வெட்டுப்பட்ட ஒலியை யாராலும் மீட்க முடியாது. காற்றுச் சத்தத்தைத் தடுக்க மைக்குக்கு ரோம உறை கட்டாயம். மென்காற்று நம் கன்னத்துக்குத் தெரியாது. மைக்குக்குப் புயலாகத் தெரியும்.

குடைமாதிரி வளைந்து ஒலியை மைக்கில் குவிக்கிற பாராபோலா தட்டும் பலருக்கு ஆசையாக இருக்கிறது. அதன் வரம்பைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். தட்டின் விட்டத்தைவிட அலைநீளம் பெரிதான ஒலியை அதனால் குவிக்க முடியாது. 55 சென்டிமீட்டர் தட்டு என்றால் ஏறத்தாழ 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது இருந்தும் இல்லாத கணக்கு. தையல்சிட்டு, ஈப்பிடிப்பான், சிலம்பன் வகைகளுக்கு அற்புதமாக வேலை செய்யும். செம்போத்தின் அடித்தொண்டை 'ஊப் ஊப்' சத்தத்துக்கும் பெரிய ஆந்தைகளுக்கும் ஷாட்கன் மைக்கோடு கொஞ்சம் நெருங்கிப் போவதே மேல்.

இனி சீகாரப் பூங்குருவிக்கு வருகிறேன். இந்த மலையில் எனக்கு மிகப் பிடித்த குரல் அதனுடையது. கருநீல உடம்பு, நெற்றியிலும் தோளிலும் பளிச்சென்ற நீலம். தென்மேற்குப் பருவமழை இறங்கி, மற்ற பறவைகள் பாட்டை நிறுத்திக்கொண்ட பிறகு இது பாட ஆரம்பிக்கும். யாரோ ஒரு பையன் ஓடையோரம் நடந்தபடி மனம்போன போக்கில் சீட்டி அடிப்பதுபோலவே இருக்கும். மெட்டு ஏறும், தயங்கும், எதிர்பாராத இடத்தில் இறங்கும். எஸ்டேட் லைன் வீடுகளில் இருக்கும் பாட்டிகளுக்கும் இந்தக் குரல் தெரியும். மழைக்காலத்தில் அடுப்பு மூட்டுகிற நேரம் இது பாடுகிற நேரம்.

இதைப் பதிவு செய்வதில் ஒரு பெரிய சிக்கல், பறவை ஓடையை விட்டு வராது என்பதுதான். மழைக்கால ஓடையின் இரைச்சல் எல்லா அதிர்வெண்ணிலும் பரந்து கிடக்கும். அதை வடிகட்டப் போனால் பறவையும் சேர்ந்து போகும். இதற்கான வழி மென்பொருளில் இல்லை, நிற்கிற இடத்தில் இருக்கிறது. ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கரையோரமாக மிக மெதுவாக நகர்ந்து பார்க்க வேண்டும். ஒரு பெரிய பாறைக்குப் பின்னாலோ அடிமரத்துக்குப் பின்னாலோ வந்ததும் இரைச்சல் சட்டென்று இறங்கும். ஒரு முழம் இந்தப் பக்கம் நகர்ந்தால் மறுபடி கொட்டும். அந்த ஒரு முழ இடம்தான் நமக்கு வேண்டியது. பிறகு உடம்பைத் திருப்பி, ஓடை மைக்கின் பக்கவாட்டிலும் பறவை நேர் முன்னாலும் வரும்படி வைத்துக்கொள்ள வேண்டும். ஷாட்கன் மைக்குக்குப் பக்கவாட்டுச் சத்தம் குறைவாகத்தான் கேட்கும். இரண்டும் சேர்ந்தால் அந்தச் சீட்டி தனியாக எழுந்து நிற்கும்.

அப்புறம் மழைத்துளி. ரோம உறைமேல் விழுகிற ஒவ்வொரு துளியும் பதிவில் 'டொப்' என்று அடிக்கும். குடை பிடித்தால் இன்னும் மோசம், குடையே மேளமாகிவிடும். நான் செய்வது, பழைய தென்னைநார் மிதியடி ஒன்றை வெட்டி, மைக்குக்கு ஒரு சாண் மேலே குச்சிகளில் கட்டிவிடுவது. துளி நாரில் விழுந்து சிதறி, சத்தமில்லாமல் ஓரமாக வடிந்துவிடும். சினிமாக்காரர்கள் இதே வேலைக்குத் தனி உறை வைத்திருக்கிறார்கள். மிதியடி நம் கடையிலேயே கிடைக்கும்.

ரெயின்கோட் போடவே கூடாது. மூச்சு விட்டாலே சரசரக்கும். நனைந்தாலும் பரவாயில்லை என்று பருத்திச் சட்டையும் மேலே ஒரு கம்பளி ஸ்வெட்டரும்தான் என் மழைக்கால உடுப்பு. அட்டைக்குப் புகையிலையும் உப்பும் கலந்து காலுறையில் தடவிக்கொள்வேன். அதையும் மீறி ஒன்று ஏறிவிட்டால், பதிவு முடியும்வரை கையை எடுத்துத் தட்டுவதில்லை. அது குடிக்கிறதைக் குடிக்கட்டும். நல்ல பாட்டின் நடுவில் துணி உரசுகிற சத்தம் விழுந்தால் அந்தப் பாட்டு திரும்பி வராது.

பறவை நிறுத்திய பிறகும் பதிவை நிறுத்தாதீர்கள். இந்தக் கலையில் நான் கற்றதில் முக்கியமானது இதுதான். பதிவாளரின் வேலையில் பாதி, பறவை பாடி முடித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுகிறது என்பதும் அதன் குணம்தான். அதனால் ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். இனி பாடாது என்று தெரிந்ததும், அதே பதிவின் கடைசியில் மெல்லிய குரலில் பேசி விவரங்களைச் சேர்க்க வேண்டும். என்ன பறவை, நேரில் பார்த்தேனா, கேட்டது மட்டுமா; தேதி, நேரம், இடம், உயரம்; பறவை தரையிலிருந்து எவ்வளவு மேலே இருந்தது, என்னிடமிருந்து எவ்வளவு தூரம்; தனியாக இருந்ததா, ஜோடியா; என்ன செய்துகொண்டிருந்தது; பின்னணியில் கேட்கிற மற்றவை என்னென்ன; மழையா, வெயிலா. நோட்டில் எழுதிக்கொள்ளலாமே என்பார்கள். நோட்டு தொலையும், நனையும், எந்தப் பக்கம் எந்தக் கோப்புக்கு என்று குழம்பும். பதிவோடு ஒட்டிய குரல் எங்கே போனாலும் கூடவே போகும்.

'பார்த்தேனா, கேட்டது மட்டுமா' என்பதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் துடுப்புவால் கரிச்சான். இந்தக் காட்டின் பெரிய மிமிக்ரி கலைஞன் அது. குக்குறுவான், சிலம்பன், வல்லூறு என்று யார் குரலை வேண்டுமானாலும் எடுத்து, தன் குரலோடு கோத்துப் பாடும். கண்ணால் பார்க்காமல் வல்லூறு என்று எழுதிவிட்டால், அந்தப் பதிவை நம்பி வேலை செய்கிற எல்லோரையும் அது தவறான இடத்துக்குக் கூட்டிப்போகும். செல்போன் செயலிகள் குரலைக் கேட்டுப் பெயர் சொல்வது பெரிய வரப்பிரசாதம், நானும் பயன்படுத்துகிறேன். அது சொல்கிற பெயரை ஒரு துப்பாக எடுத்துக்கொண்டு பறவையைத் தேடிப் போவேன். துப்பையே முடிவாக எழுதுவதில்லை.

வால்பாறையில் இன்னொரு பாடம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது. ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் மாட்டக் கூடாது. மைக் முன்னால் இருக்கிற உலகத்தைப் பெரிதாக்கிக் காட்டும். முதுகுக்குப் பின்னால் நடப்பது அடியோடு மறைந்துவிடும். இது யானை நடக்கிற ஊர். இங்கே யானைக்கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று மக்களுக்குக் குறுஞ்செய்தி வருகிறது, சில இடங்களில் சிவப்பு விளக்கும் எரிகிறது. செய்தி வந்தால் அந்தப் பக்கம் போவதில்லை. வராவிட்டாலும் ஒரு காது எப்போதும் வெளியே.

அந்த வெளிக்காதை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லிக் கொடுத்தவர், வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்த காடர் பழங்குடிப் பெரியவர் ஒருவர். ஒருநாள் காலை சிலம்பன் கூட்டம் ஒன்று இரைந்துகொண்டே இரை தேடுவதைப் பதிவு செய்துகொண்டிருந்தேன். அவர் என் தோளைத் தொட்டு, "சார், எந்திரிங்க. இந்தச் சத்தம் வேற" என்றார். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. "தின்னும்போது ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லும். இப்ப எல்லாம் சேர்ந்து ஒரே பக்கம் பாத்துக் கத்துது பாருங்க." நாங்கள் மேட்டுக்கு ஏறிய கொஞ்ச நேரத்தில் ஒரு கொம்பன் யானை மூங்கிலை விலக்கிக்கொண்டு பாதைக்கு வந்தது. அந்தப் பதிவு இன்னும் என்னிடம் இருக்கிறது. அவர் சொன்ன மாற்றம் அதில் தெளிவாகக் கேட்கிறது, எங்கே கேட்க வேண்டும் என்று தெரிந்த பிறகு. அதன்பின் ஒரே பறவையின் பாட்டு, அழைப்பு, எச்சரிக்கை, குஞ்சு இரை கேட்கும் குரல் என்று தனித்தனியாகப் பெயரிட்டு வைக்கத் தொடங்கினேன்.

குரலைப் பதிவு செய்கிறவர்களில் எனக்கு மிக நெருக்கமாகத் தோன்றுகிற வாழ்க்கை இலங்கையின் தீபால் வரகாகொடவுடையது. 1995-இல் கித்துள்கல மழைக்காட்டில் இரவில் ஒரு குரலைக் கேட்டார். அந்தத் தீவின் பறவைக் குரல்களை அவ்வளவு நன்றாக அறிந்தவருக்கு அது எதனோடும் பொருந்தவில்லை. மென்மையான, தாழ்ந்த, ஒரே ஒரு சிறு ஒலி. நீண்ட இடைவெளி விட்டு மறுபடி அதே ஒலி. பலர் இதை ஏதோ ஒன்று என்று விட்டிருப்பார்கள். அவர் விடவில்லை. 2001 ஜனவரியில் சிங்கராஜக் காட்டில் அந்தப் பறவையைக் கண்ணால் பார்த்தார். செம்பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி ஆந்தை, அறிவியலுக்கே புதியது. 2004-இல் அமெரிக்கப் பறவையியலாளர் பமிலா ராஸ்முசெனோடு சேர்ந்து அதை முறைப்படி விவரித்தார். சிங்கராஜக் காட்டை மரம் வெட்டுவதிலிருந்து காப்பாற்றப் போராடிய திலோ ஹாஃப்மனின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய பறவையினம் அது. எவ்வளவோ பேர் நடந்து போன காடு அது. அந்த ஆந்தை பிடிபட்டது ஒரு காதுக்கு.

தென் அமெரிக்காவில் டெட் பார்க்கர் இதே வகை மனிதர். ஆயிரக்கணக்கான பறவையினங்களைக் குரலை வைத்தே சொல்லக்கூடியவர். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஒலிக் காப்பகத்துக்கு அவர் கொடுத்த பதிவுகள் பத்தாயிரத்துக்கும் மேல். காட்டின் வளத்தை விரைவாக மதிப்பிட, விடியலில் ஒலியைக் கேட்டே பட்டியல் போடும் அவர் முறை பல காடுகளைப் பாதுகாக்க உதவியது. 1993-இல் ஈக்வடாரில் அப்படி ஒரு கணக்கெடுப்பின்போது விமான விபத்தில் இறந்தார். அப்போது நாற்பதுதான் வயது. அந்தத் தலையில் இருந்த குரல்களில் காப்பகத்துக்கு வந்தவை மட்டும் இன்று நம்மிடம் இருக்கின்றன.

வரகாகொடவின் கதையைப் படித்த பிறகு என் கணினியில் 'தெரியாதவை' என்று ஒரு ஃபோல்டர் தொடங்கினேன். அடையாளம் புரியாத எந்தக் குரலையும் அழிப்பதில்லை. முழு விவரத்தோடு அதில் போய்ச் சேரும். ஒரு மழைக்காலம், தேயிலை ஓரத்துப் புதரிலிருந்து இரவில் உலோகத்தைத் தட்டுவது போல் 'டிக்... டிக்... டிக்' என்று ஒரு குரல். ஆந்தை வகையா, பக்கி என்ற இரவுப் பறவையா என்று நண்பர்களுக்குள் பேச்சு. யாருக்கும் நிச்சயமில்லை. ரொம்ப நாள் அப்படியே கிடந்தது. பிறகு தவளைகளை ஆராய்கிற ஒருவர் அதைக் கேட்டார். பதிவின் முடிவில் நான் பேசியிருந்ததைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. குரல் இடுப்பளவு உயரத்தில் இலைமேலிருந்து வந்தது, அன்று நல்ல மழை, பக்கத்தில் இன்னொன்று பதில் கொடுத்தது என்று சொல்லியிருந்தேன். "இது புதர்த்தவளை சார், ஆண்" என்றார். அந்தப் பதிவு அவருக்கு எனக்குப் பயன்பட்டதைவிட அதிகமாகப் பயன்பட்டது. ஸெனோ-கான்டோ இணையக் காப்பகத்தில் அடையாளம் தெரியாத குரல்களையும் மர்மக் குரல் என்று குறித்து ஏற்றலாம். உலகம் முழுக்க இருந்து கேட்டுச் சொல்வார்கள். 2005-இல் நெதர்லாந்தில் இரண்டு பேர் தொடங்கியது அது. இன்று இந்த வேலைக்குப் புதிதாக வருகிற எவருக்கும் அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான், ஆனால் அன்றன்றே செய்ய வேண்டும். கார்டிலிருந்து எடுத்ததும் மூலக் கோப்பை இரண்டு இடத்தில் வைத்துவிடுவேன். அதை ஒருபோதும் திருத்துவதில்லை. திருத்தம் எல்லாம் நகலில். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். அதில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால் ஒலி படமாகத் தெரியும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அதிர்வெண். சீகாரப் பூங்குருவியின் சீட்டி ஒற்றை இழைக் கோலம் மாதிரி வளைந்து வளைந்து ஓடும். சில்வண்டுச் சத்தம் நடுவில் தடித்த பட்டையாக நிற்கும், எஸ்டேட் ஃபேக்டரியின் உறுமல் அடியில் படிந்திருக்கும். அந்த அடி உறுமலை மட்டும் வெட்டுவேன், முன்னும் பின்னும் என் காலடிச் சத்தத்தை எடுப்பேன், பறவைக்கு இருபுறமும் சில நொடிகள் விட்டுவைப்பேன். உச்ச அளவை மைனஸ் 3 டெசிபலுக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. இரைச்சல் நீக்கும் பொத்தானைத் தொடவே மாட்டேன். அது பறவையின் குரலிலும் கை வைக்கும். கேட்பவருக்கு எது நிஜம் என்று தெரியாமல் போகும். கருவிகள் எல்லாம் சிலிகா ஜெல் போட்ட எவர்சில்வர் டப்பாவில் தூங்கும். இந்த ஊர் ஈரத்தில் ஒரு மழைக்காலம் வெளியே கிடந்தால் மைக்கில் பூஞ்சை பிடித்துவிடும்.

பதிவு செய்த குரலைக் காட்டில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதை நான் எதிர்க்கிறேன். ஃபோட்டோ எடுக்க வருகிற பலர் இதைச் சாதாரணமாகச் செய்கிறார்கள். ஆண் பறவைக்கு அது எல்லைக்குள் நுழைந்த போட்டியாளன். இரை தேடுவதை, கூட்டைக் காவல் காப்பதை விட்டுவிட்டு, இல்லாத எதிரியோடு சண்டைக்கு வரும். ஒரே சோலையில் வாரந்தோறும் வேறு வேறு ஆட்கள் இதைச் செய்தால் அந்தப் பறவையின் இனப்பெருக்கக் காலம் என்ன ஆகும்? என் பதிவுகளை அப்படிக் கேட்டு வருகிறவர்களுக்கு நான் கொடுப்பதில்லை.

பொறுமையாகச் சேர்த்த பதிவுகள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நம் மலைகளிலேயே சான்று இருக்கிறது. உயர்ந்த சோலைக்காடுகளில் மட்டும் வாழ்கிற சோலைக்கிளிகள் (பெயரில்தான் கிளி, உண்மையில் சின்னப் பாடும் பறவை) பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஓர் இனமாகவும் தெற்கே இன்னோர் இனமாகவும் பிரிந்திருக்கின்றன. 2017-இல் அவற்றைத் தனிப் பேரினமாகவே பிரித்தார்கள். அதன் அறிவியல் பெயரிலேயே சோலை இருக்கிறது. மரபணுவோடு பாட்டையும் ஆராய்ந்தவர்கள், மலைக்கு மலை பாட்டு மாறுவதையும் காடழிந்து துண்டான இடங்களில் பாட்டு விலகத் தொடங்குவதையும் கண்டார்கள். இதற்கெல்லாம் ஒவ்வொரு மலையிலும் யாரோ குளிரில் நின்று, இடமும் நேரமும் சொல்லிப் பதிவு செய்திருக்க வேண்டும்.

அதனால்தான் அபூர்வமான பறவைகளைத் துரத்துவதைவிட, வீட்டைச் சுற்றி இருப்பவற்றைப் பதிவு செய்யச் சொல்கிறேன். மயிலும் மைனாவும் புள்ளிப்புறாவும் ஆள்காட்டியும் போதும். குளிர்காலத்தில் ஆறுமணிக் குருவி உங்கள் தோட்டத்தில் இறங்கினால், காலையிலும் மாலையிலும் அதன் இரட்டைச் சீட்டியை ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். முதல் நாள் எந்த ஆண்டு எந்தத் தேதியில் கேட்டது என்பதே பெரிய தகவல். வால்பாறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பாடும் குண்டுகரிச்சானை நான் பல வருடங்களாக ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரே இடத்திலிருந்து பதிவு செய்கிறேன். முதல் பேருந்து ஹாரன் அடிப்பதற்கு முன் அது முடித்துவிடுவது, கட்டடம் உயர உயர அது பாடும் இடமும் உயர்வது, ஒரு வருடம் அந்த இடத்துக்கு வேறொரு ஆண் வந்து வேறு மெட்டைக் கொண்டுவந்தது எல்லாம் அந்தக் கோப்புகளில் இருக்கின்றன.

இந்த ஏப்ரலிலும் போகிறேன். கூட வருகிறவர்கள் காலை நாலரைக்கெல்லாம் வந்துவிட வேண்டும். சரசரக்காத சட்டை, சத்தமில்லாத செருப்பு, போன் ஏரோப்ளேன் மோடில். பேச்சு எல்லாம் அது பாடி முடித்த பிறகு, டீக்கடையில்.